15 சிசி நான்கு சிலிண்டர் மாடல் எஞ்சின்: கிராங்க் ஷாப்ட் வளைகிறது, எங்கே தவறு?

சிறுபட்டறை:

வணக்கம். வீட்டுப் பட்டறையில் வரிசை நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று கட்டுகிறேன். நான்கு ஸ்ட்ரோக், தண்ணீர்க் குளிர்ச்சி, வால்வுகள் ஹெட்டில். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 16 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 19 மி.மீ. நான்கும் சேர்த்து 15.3 சிசி. மெயின் பேரிங் மூன்று. கையில் இருப்பது 350 மி.மீ. மினி லேத், சிறிய மில்லிங் மெஷின், ரோட்டரி டேபிள்.

கிராங்க் ஷாப்டை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) 32 மி.மீ. பிரைட் பாரிலிருந்து ஒரே துண்டாகக் கடைந்தேன். லேத் சென்டர்களுக்கு நடுவே இருக்கும்போது டயல் 0.01 மி.மீ. கூட அசையவில்லை. இறக்கி வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கு கட்டையில்) வைத்தால் நடு ஜர்னலில் (பேரிங்கில் சுழலும் பகுதியில்) 0.15 மி.மீ. அவுட் (மையம் விலகல்) காட்டுகிறது. இரண்டாவது தண்டிலும் இப்படியே. முழுத் துண்டை விட்டுவிட்டு, துண்டுகளைச் சேர்த்துச் செய்வதுதான் வழியா? கேம் ஷாப்ட் போடும்போதும், நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் ஒரே அளவில் வரவும் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கடைசல்:

உங்கள் கை தவறவில்லை, தண்டுதான் தவறு. பிரைட் பார் குளிர்நிலையில் இழுத்துத் தயாரிப்பது. அதன் மேல்தோலில் இழுவிசை அடைபட்டுக் கிடக்கும். கிராங்க் ஷாப்டில் ஒரு பக்கம் நிறைய உலோகத்தை எடுக்கிறோம், மறுபக்கம் விடுகிறோம். அடைபட்ட விசை சமநிலை இழந்ததும் தண்டு வில்லாக வளைந்துவிடும்.

ஈஎன்24டி என்ற கலப்பு எஃகுத் தண்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஈஎன்8 எஃகில் பிளாக் பார் (சூடாக உருட்டித் தயாரித்தது) போதும். முதலில் எல்லா இடத்திலும் 0.5 மி.மீ. மிச்சம் வைத்து முரட்டுக் கடைசல் முடித்துவிடுங்கள். ஈஎன்8 என்றால் அந்த நிலையில் 600 முதல் 650 டிகிரி வரை சூடேற்றி ஒரு மணி நேரம் வைத்து, உலைக்குள்ளேயே ஆறவிட வேண்டும். வெளியே எடுத்துக் காற்றில் ஆற்றினால் செய்ததெல்லாம் வீண். ஈஎன்24டி ஏற்கெனவே டெம்பர் செய்து வருவது. அதற்கு இந்தச் சூடு வேண்டாம், பலம் குறையும். முரட்டுக் கடைசலுக்குப் பிறகு ஓரிரு நாள் சும்மா வைத்துவிட்டு முடித்தால் போதும்.

அடுத்தது சென்டர் துளைகள். தண்டின் இரு முனையிலும் 12 மி.மீ. வெட்டி எறியும் பகுதியாக விடுங்கள். ஒவ்வொரு முனையிலும் மூன்று துளைகள் ஒரே கோட்டில்: நடுவில் ஒன்று, இருபுறமும் 9.5 மி.மீ. (ஸ்ட்ரோக்கில் பாதி) தள்ளி ஒவ்வொன்று. முதல் முனையைத் துளைத்ததும் தண்டைத் திருப்பினால் கோடு தவறிவிடும். அதனால் முன்பே தண்டின் நீளவாக்கில் ஒரு சின்னத் தட்டை மில் செய்துவிட்டு, இரு முனைக்கும் அதையே ஆதாரமாகப் பிடியுங்கள்.

கடையும் வரிசையும் முக்கியம். தண்டு பருமனாக இருக்கும்போதே நடுவிலுள்ள 2, 3 பின்கள் (கனெக்டிங் ராடு மாட்டும் பகுதிகள்). பிறகு 1, 4. மெயின் ஜர்னல்கள் கடைசியில். ஒரு பின் முடிந்ததும் வெப்களுக்கு (பின்னின் இருபுறமும் நிற்கும் தகடுகளுக்கு) இடையே அளவாக வெட்டிய பித்தளைத் துண்டை வைத்து அரால்டைட்டால் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் டெயில்ஸ்டாக் (லேத்தின் வால்முனைத் தாங்கி) அழுத்தத்தில் அந்த இடைவெளி சுருங்கும். துண்டு இறுக்கமாக இருந்தால் வெப்கள் விரியும். கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். வெட்டும்போது தண்டு சூடாகி நீளும் என்பதால் டெயில்ஸ்டாக்கை அடிக்கடி தளர்த்தி மறுபடி பிடியுங்கள். பின்னும் வெப்பும் சேரும் மூலையில் 0.5 மி.மீ. ரேடியஸ் கட்டாயம். கூர்மூலை விட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

நுண்ணளவு:

கடைசல் ஐயா சொன்னது சரி. ஆனால் துண்டு சேர்த்துச் செய்வதை ஒதுக்கிவிட வேண்டாம். மினி லேத்துக்கு அது நல்ல வழி. 8 மி.மீ. சில்வர் ஸ்டீல் (துல்லிய விட்டத்தில் வரும் கருவி எஃகு) கம்பி ஒன்றை முழு நீளத்துக்கு மெயின் ஷாப்டாக விடுங்கள். எல்லா வெப்களையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து, இரு துளைகளையும் ஒரே பிடியில் ரீமர் (துளையைத் துல்லிய அளவாக்கும் கருவி) போடுங்கள். 9.5 மி.மீ. தூரம் எல்லாவற்றிலும் ஒன்றாக வந்துவிடும். லாக்டைட் 638 பசை பூசிச் சேர்த்து, முழுதாக இறுகிய பின் ஒவ்வொரு இணைப்பிலும் 2 மி.மீ. குறுக்குப் பின் அடியுங்கள். அதற்குப் பிறகுதான் வெப்களுக்கு நடுவில் வேண்டாத ஷாப்டை அறுத்து எடுக்க வேண்டும். அறுக்கும்வரை முதுகெலும்பு நேராக இருப்பதால் அவுட் வராது.

துளைக்கும் கம்பிக்கும் இடையே விட்டத்தில் 0.03 மி.மீ. இடம் தேவை. இறுக்கி அடித்துச் செருகினால் பசை வழிந்து வெளியேறி, காய்ந்த உலோகம் மட்டுமே மிஞ்சும். கம்பியை அசிட்டோனால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது.

கேமுக்கு வருவோம். வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்றால் அடுத்தடுத்து வெடிக்கும் சிலிண்டர்களின் முனைகள் (வால்வைத் திறக்கும் புடைப்புகள்) கேமில் 90 டிகிரி இடைவெளியில் இருக்கும். அடுத்த சிலிண்டரின் முனை கேம் சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கம் விலகியிருக்க வேண்டும். பலரும் இடறுவது இங்கேதான். கிராங்கிலிருந்து இரண்டே கியரில் நேராக ஓட்டினால் கேம் எதிர்த்திசையில் சுழலும். நடுவில் ஐட்லர் கியரோ செயினோ இருந்தால் ஒரே திசை. திசையை மறந்து வெட்டினால் எக்ஸாஸ்டுக்கு முன் இன்லெட் திறக்கும், எஞ்சின் கார்புரேட்டர் வழியே துப்பும்.

டைமிங் மிதமாக வையுங்கள். எக்ஸாஸ்ட், கீழ் டெட் சென்டருக்கு (பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்கும் நிலை) கிராங்கில் 50 டிகிரி முன் திறந்து, மேல் டெட் சென்டருக்கு 10 டிகிரி பின் மூடட்டும். இன்லெட், மேல் டெட் சென்டருக்கு 10 டிகிரி முன் திறந்து, கீழ் டெட் சென்டருக்கு 40 டிகிரி பின் மூடட்டும். கணக்குப் போட்டால் ஒரே சிலிண்டரின் இரு முனைகளுக்கும் நடுவே கேமில் 107.5 டிகிரி வரும்.

கேம் கியருக்கு முதலிலேயே சாவிப் பள்ளம் (கியரைத் தண்டோடு பூட்டும் துண்டுக்கானது) வெட்ட வேண்டாம். 20, 40 பல் கியர்களில் ஒரு பல் தள்ளினால் கிராங்கில் 18 டிகிரி மாறிவிடும். அவ்வளவு பெரிய படியில் டைமிங் சேராது. கிளாம்ப் போட்டு ஓட்டிப் பார்த்து, சரியானதும் பின் அடியுங்கள்.

மீட்டர்கேஜ்:

கம்ப்ரஷனுக்கு வாயு எங்கே கசிகிறது என்று தனித்தனியாகத் தேட வேண்டும். முதல் சந்தேகம் வால்வு. ஹெட்டைக் கழற்றி, போர்ட்டில் ரப்பர் குழாய் வழியாக 20 மி.லி. சிரிஞ்சைச் செருகுங்கள். சிரிஞ்சின் பிஸ்டனை இழுத்துப் பிடித்துப் பத்து விநாடி கழித்து விட்டால், பழைய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். பாதியில் நின்றால் கசிவு. உடனே கிரைண்டிங் பேஸ்ட் எடுத்துத் தேய்க்காதீர்கள். சீட் (வால்வு அமரும் விளிம்பு) அகலமாகி இன்னும் மோசமாகும். சீட் அகலம் 0.3 மி.மீ. போதும். பெரும்பாலும் காரணம் கைடும் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) சீட்டும் ஒரே மையத்தில் இல்லாததே. கைடு துளையில் வழிகாட்டித் தண்டு இறங்கும் 45 டிகிரி கட்டர் செய்து, கையால் திருப்பி வெட்டினால் தீர்ந்துவிடும்.

அடுத்து லைனர் (சிலிண்டரின் உள்குழல்). நான்கின் போரும் தமக்குள் 0.005 மி.மீ.க்குள் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்தால் ரிங்கைக் குறை சொல்லாதீர்கள். நடுவே கேஸ்கெட் கசிகிறது. லைனர் விளிம்புகள் பிளாக்குக்கு மேல் ஒரே உயரத்தில், 0.03 முதல் 0.05 மி.மீ. வரை, நிற்க வேண்டும்.

ரிங் நுண்மணி வார்ப்பிரும்பில்: அகலம் 1 மி.மீ., தடிப்பு 0.65 மி.மீ., லைனருக்குள் வாய் இடைவெளி 0.06 மி.மீ. லைனருக்குள் வைத்து அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வாயைத் தவிர எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்த ரிங்கை விட்டுவிடுங்கள்.

6:1 கம்ப்ரஷன் விகிதத்துக்கு எரியறைக் கொள்ளளவு 0.76 சிசி. 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டு நான்கையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.03 சிசியைத் தாண்டினால் பெரியதற்கு ஒத்தபடி சிறியவற்றைச் சுரண்டுங்கள்.

சிறுபட்டறை:

ரொம்ப நன்றி. ஈஎன்24டியிலேயே ஒருமுறை பார்க்கிறேன். கார்புரேட்டருக்கு ஆர்சி விமானத்தின் 8 மி.மீ. தொண்டை உள்ளது ஒன்று கையில் இருக்கிறது. போடலாமா?

மீட்டர்கேஜ்:

வேண்டாம். 4000 ஆர்பிஎம்மில் உங்கள் எஞ்சின் விநாடிக்கு ஏறக்குறைய 510 சிசி காற்று இழுக்கும். 8 மி.மீ. தொண்டையில் அதன் வேகம் விநாடிக்கு 10 மீட்டர்தான். பெட்ரோல் துளியாகாமல் மேனிபோல்டில் ஒழுகி, நடுச் சிலிண்டர்கள் நனைந்து ஓரத்தவை பட்டினி கிடக்கும். 5 மி.மீ. தொண்டையில் வேகம் 26 மீட்டர். பித்தளையில் புதிதாகக் கடைந்து போடுங்கள்.

கடைசல்:

ஒன்று விட்டுப்போனது. பெட்ரோல் ஊற்றுவதற்கு முன், பிளக்குகளைக் கழற்றிவிட்டு டிரில் மோட்டாரால் 500 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஆயிலோடு சுற்றுங்கள். பிக் எண்டு ஸ்கூப் (கனெக்டிங் ராடின் அடியில் ஆயிலை அள்ளும் கரண்டி) 1.5 மி.மீ. முங்கும் அளவுக்கு மட்டும் ஆயில்; அதிகம் ஊற்றினால் பிளக் எல்லாம் கரியாகும். சுற்றி முடித்ததும் ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். பித்தளை நிறத்தில் பொடி மின்னினால் பேரிங் பிடிக்கிறது, திறந்து பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.