ஸ்னைப்பிங்: ‘தட்டிப்பறிப்பு’ வேண்டாம், ‘கடைநொடிக் கேட்பு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

> இணைய ஏலம் முடியும் கடைசி நொடிகளில் விலை ஏற்றிக் கேட்டு எடுத்துக்கொள்வது = தட்டிப்பறிப்பு. பொருத்தமாக இருக்கும்.

‘ஸ்னைப்பிங்’ (sniping) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் ஆத்தூர் நண்பர் எழுதிய இந்த வரியை இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஏற்காடு அஞ்சல் முத்திரை விழுந்த பழைய உறைகளைச் சேர்ப்பவன் நான். மூன்று வருடம் முன்பு ஓர் உறை ஏலத்துக்கு வந்தது. ஏழாம் எட்வர்ட் தலை போட்ட பச்சை அரையணாத் தபால்தலை, அதன் மேல் முத்திரை வட்டம் ஓர் எழுத்துகூடச் சிதையாமல். மை பரவி, ஊர்ப் பெயர் பாதிதான் தெரியும் உறைகளாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 1,200 ரூபாய் கேட்டு வைத்தேன். 2,000 வரை போகத் தயார்தான். யாராவது ஏற்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். முடிய ஆறு நொடி இருக்கும்போது விலை 1,250 ஆனது. நான் தொகையைத் தட்டி முடிப்பதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. எடுத்தவர் நம் சேலத்துக்காரர், சேகரிப்பாளர்களின் ஞாயிற்றுக்கிழமை சந்திப்பில் என் பக்கத்தில் உட்காருபவர். இரண்டு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போது கேட்டிருந்தால் நானும் தட்டிப்பறிப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் உச்ச விலையைக் கொடுத்து வைத்தால், அடுத்தவர் விலைக்கு ஒரு படி மேலே மட்டும் தளமே நமக்காகக் கேட்கிறது. முதலிலேயே 2,000 என்று போட்டிருந்தால், அவர் கடைசி நொடியில் 1,800 கேட்டிருந்தாலும் உறை 1,850க்கு எனக்கே வந்திருக்கும். என் மனதில் இருந்த விலையை நான் சொல்லவில்லை. அவர் சொன்னார். பறிப்பு எங்கே இருக்கிறது?

இந்த முறை தபால்தலைக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. அதிக விலை எழுதியவர் இரண்டாவது விலையை ஒட்டிக் கொடுத்தால் போதும் என்ற வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்கத் தபால்தலை ஏலங்களில் இருந்தது. பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961இல் இதை ஆராய்ந்து எழுதினார். 1996இல் நோபல் பரிசு பெற்றார்.

அப்புறம், ஏன் கடைசி நொடி? நம் ஊர் ஏலத்தில் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று சொல்லும்போது யாராவது கை தூக்கினால் மறுபடி ஒரு தரத்திலிருந்து தொடங்கும். அங்கே கடைசி நொடி என்று ஒன்று கிடையாது. ஈபே (eBay) இணைய ஏலத் தளத்தில் கடிகாரம்தான் முடிக்கிறது. அமேசான் ஏலம் நடத்திய காலத்தில், கடைசிக் கேட்புக்குப் பின் பத்து நிமிடம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் முடியும். ராத், ஆக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியல் அறிஞர்கள் இருவரும் 2002இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். கடைசி நேரக் கேட்பு ஈபேயில்தான் மிக அதிகம். அதிலும் கணினியைவிடப் பழம்பொருளுக்கு அதிகம். விவரம் தெரிந்தவர் முன்னாலேயே கேட்டால், ‘அவரே கேட்கிறார், நல்ல சரக்கு’ என்று மற்றவர்கள் பின்னால் வருவார்கள். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் இதற்குத்தான்.

எனவே என் பரிந்துரை ‘கடைநொடிக் கேட்பு’. ஏலம் ‘கேட்பது’ என்பது மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. கடிகாரத்தில் முடிவதை ‘மணி முடிப்பு’ என்றும், கேட்பு நிற்கும் வரை நீள்வதைத் ‘தர முடிப்பு’ என்றும் சொல்லலாம். கொடுத்து வைக்கும் உச்ச விலைக்கு முதலில் ‘துண்டு விலை’ என்றுதான் நினைத்தேன். பட்ஜெட்டில் துண்டு விழுவது ஞாபகம் வருகிறது. ‘மறைவிலை’ சரியாக இருக்கும். ஒருவர் ‘உள்ளான் சுடல்’ என்றார். ஸ்னைப் என்பது உள்ளான் பறவை, வேர் சரிதான். ஆனால் உள்ளானைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கடுமையான சொல்லை வேறு இரண்டுக்கு வைத்துக்கொள்வோம். விற்பவரே ஆள் வைத்து விலை ஏற்றுவது ‘பொய்க்கேட்பு’. 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, அப்படி ஏமாந்தவர் விற்பனையை ரத்து செய்யலாம். இன்னொன்று, நமக்குள் பேசி வைத்து ஒருவரை மட்டும் கேட்க விடுவது. புளியமர ஏலத்தில் சிண்டிகேட் என்கிறோமே, அதேதான். ஒரு நண்பருக்காக ஒருமுறை ஒதுங்குவது வேறு. ‘இந்த அட்டையை யாரும் கேக்காதீங்க’ என்று சந்திப்பில் சொல்லி வைப்பது வேறு. விற்கிறவர் பல நேரம் இறந்துபோன சேகரிப்பாளரின் மனைவி அல்லது பிள்ளை. அந்த வீட்டுக்குப் போகவேண்டிய பணம் அது. இதற்குக் ‘கூட்டடைப்பு’ என்ற சொல் தோன்றுகிறது. ஆனால் கேட்டவுடன் புரியுமா என்று சந்தேகம். இதைவிட நல்லதாக யாராவது சொன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

‘கடைநொடியில் கேட்டுட்டார்’ என்று பேச்சில் வருகிறதா என்று நேற்று அதே பக்கத்து நாற்காலி நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் உடனே, “எந்த உறை?” என்றார்.