மறு: ரிப்பீட்டருக்குத் தமிழ்ச்சொல் – ‘மறுபரப்பி’ சரிவருமா?

> ‘மறுபரப்பி’ என்றே வைத்துவிடலாம். வந்த அலையை மறுபடி பரப்புகிறது, பொருத்தம்தானே?

வணக்கம் ஐயா,

ஹாம் வானொலியில், அதாவது உரிமம் வாங்கிய ஆர்வலர்கள் நமக்குள் பேசிக்கொள்ளும் வானொலியில், ஒருவர் அனுப்பும் அலையை வாங்கி உயரத்திலிருந்து தொலைவுக்குக் கொடுக்கும் கருவிதானே ரிப்பீட்டர்? அதற்கு நீங்கள் சொன்ன சொல்லில் எனக்கு ‘மறு’வும் உதைக்கிறது, ‘பரப்பி’யும் உதைக்கிறது.

மறுஒளிபரப்பு என்றதும் வீட்டில் என்ன நினைப்பார்கள்? நேற்று இரவு ஓடிய நாடகத்தை இன்று மத்தியானம் போடுவது. ரிப்பீட்டர் எதையும் எடுத்துவைத்துப் பிறகு சொல்வதில்லை. நாம் பேசப் பேச, அதே கணத்தில், வேறோர் அலைவரிசையில் அது பேசிக்கொண்டிருக்கிறது. நாம் புழங்கும் 2 மீட்டர் அலைநீளப் பட்டையில் வாங்கும் அலைவரிசைக்கும் கொடுக்கும் அலைவரிசைக்கும் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. இரண்டும் ஒன்றாக இருந்தால் தன் வாயே தன் காதைச் செவிடாக்கிவிடும். இடைவெளி விட்டும் முழுக்கத் தப்பவில்லை. ஒரே ஆன்டெனாவில் பல வாட் வெளியே போகும்போதே மைக்ரோவோல்ட் கணக்கில் உள்ளே வருவதைக் கேட்க வேண்டும். அதற்குத்தான் போகும் அலையையும் வரும் அலையையும் பிரித்துவைக்கும் டூப்ளெக்சர் என்று முழங்கால் உயர உலோக உருளைகளை வரிசையாக நிறுத்தி, மணிக்கணக்கில் திருகித் திருகிச் சரிசெய்கிறார்கள். வாங்கும்போதே கொடுப்பதுதான் இந்தக் கருவியின் உயிர். ‘மறு’வில் அது இல்லை.

‘பரப்பி’யில் வேறு சிக்கல். பொதுமக்களுக்கு ஒலிபரப்ப ஹாம்களுக்கு அனுமதி கிடையாது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் ஒரு பக்கத்தில் “ஒலிபரப்பக் கூடாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் “மறுபரப்பி வழியாகப் பேசு” என்றால் அது நம்மைத்தான் ஒரு மாதிரி பார்க்கும்.

முன்பு ஒருவர் ‘அஞ்சல்’ சொன்னார். ரிலேவுக்கு வானொலிக்காரர்கள் புழங்கிய சொல்தான், எனக்கும் ஆசை. ஆனால் மின்னஞ்சலுக்குப் பிறகு ‘அலையஞ்சல்’ என்றால் ரேடியோ வழியே போகும் மின்மடல் என்றுதான் படும், அப்படி ஒன்று வின்லிங்க் என்ற பெயரில் உண்மையாகவே இருக்கிறது. கருவிப் பெயராக்க ஒரு இகரம் சேர்த்தாலோ ‘அஞ்சலி’. ஆன்டெனாவுக்கு மாலை போட வேண்டியதுதான்.

என் சொல்: கைமாற்றி.

தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலுக்கு லாரியிலிருந்து போத்தல் பெட்டிகளை இறக்கும்போது வரிசையாக நிற்போமே, அதுதான் மனதில். இந்தப் பக்கம் வாங்கியபடியே அந்தப் பக்கம் நீட்டியிருப்போம். யாரும் கீழே வைப்பதில்லை.

வெறும் மேசைச்சொல்லாகிவிடக் கூடாதென்று, போன ஞாயிறு ஒரு சோதனையும் செய்தேன். நான் சிங்கப்பூரில், ஈசூனில், 11ஆம் மாடி நடைவழியில், கையில் 5 வாட் கருவி. நண்பர் ஜூரோங்கில். தீவின் மிக உயரமான இயற்கை மேடான புக்கிட் தீமாவே சுமார் 163 மீட்டர்தான், மற்றதெல்லாம் நம் அடுக்குமாடி புளோக்குகள் எழுப்பிய கான்கிரீட் மலை. நேரடியாக அழைத்தால் வெறும் இரைச்சல். ரிப்பீட்டர் வழியாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள் என்றேன்.

வேண்டுமென்றே, அனுப்பும் பொத்தானை அழுத்திய கையோடு பேசினேன். புதியவர்கள் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்! ரிப்பீட்டர் நம் குரலோடு போகும் அடையாள ஒலியான டோனை அடையாளம் கண்டு விழிப்பதற்குள் முதல் அசை போய்விடும். அவர் எழுதியவை: மறுபரப்பி ‘பரப்பி’ ஆகியிருந்தது. சோதனைக்குச் சேர்த்த இன்னொரு சொல்லான எதிரொலிப்பான் ‘ஒலிப்பான்’. கைமாற்றி ‘மாற்றி’. தலை போன பிறகும் பொய் சொல்லாதது கடைசிச் சொல் ஒன்றுதான். அலைவரிசையை மாற்றத்தானே செய்கிறது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றிலும் தெளிவாகக் கேட்டது ‘ரிப்பீட்டர்’. அந்த இரட்டைப் பகரமும் இரட்டை டகரமும் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தன.

– ஈசூன்

* * *

> என் சொல்: கைமாற்றி.

தம்பி, சோதனை நன்று. ஆனால் எங்கள் ஊரில் கைமாற்று என்றால் வட்டியில்லாக் கடன். நாளிதழில் “பணம் கைமாறியது” என்று போட்டால் அது இன்னும் மோசம். ஒரு கண்ணியமான கருவிக்கு இந்தப் பெயரா? மறுபரப்பியை நான் விட்டுவிடுகிறேன், ஆனால் இதற்கு இன்னும் கை தூக்கவில்லை.

* * *

ஐயா, கடன் என்றே இருக்கட்டும். நம் குரலை வாங்கிக்கொண்டு 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி உடனே திருப்பித் தருகிறதே, அந்த நாணயம் எத்தனை பேரிடம் இருக்கிறது? தவணையிலும் கறார். ஒரே மூச்சில் பேசுவதற்கு வரம்பிடும் டைமரை 3 நிமிடத்துக்கு வைத்திருந்தால், சிலப்பதிகாரமே சொல்லிக்கொண்டிருந்தாலும் நடுவில் வாயை மூடிக்கொள்ளும். போன மாதம் உங்களுக்கே நடந்தது.

நாம் பொத்தானை விட்ட பிறகும் ஓரிரு நொடி அலை நிற்கிறதே, அதை ‘வால்’ என்றே சொல்வோம். அதில் எனக்குச் சண்டையில்லை.

ஞாயிறு இரவு வலைக்கு, எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடும் நேரத்துக்கு, வாருங்கள். உங்களுக்குப் பிடித்த சொல் எதுவானாலும் சரி, பொத்தானை அழுத்தியதும் மூச்சு விடாமல் சொல்லுங்கள். இந்த முறை நான் எழுதிக்கொள்கிறேன்.

– ஈசூன்