உழாத நிலத்துச் சோயா: கம்பைன் அறுவடை இயந்திரத்தில் மணி சிந்துகிறது, எங்கே திருத்துவது?

கேள்வி:
வணக்கம். மக்காச்சோளம் அறுத்த நிலத்தை உழாமல் அப்படியே சோயா விதைத்திருந்தேன். இப்போது கம்பைன் போன இடமெல்லாம் தரையில் மணி கிடக்கிறது, பார்க்கவே வயிறு எரிகிறது. ஃபேனைக் குறைத்தேன், மேல் சல்லடையைத் திறந்தேன், காயை அடித்து உடைக்கும் டிரம்முக்குக் கீழே உள்ள வளைந்த தட்டான கான்கேவை நெருக்கினேன். சிந்துவது நிற்கவில்லை. அதோடு டேங்கில் உடைந்த மணியும் கூடிவிட்டது. ஈரப்பதம் காலையில் 13 சதவீதம், மதியம் 11. வண்டி வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், செடியைக் கத்திப் பக்கம் அணைத்துக் கொடுக்கும் ரீல் நிமிடத்துக்கு 45 சுற்று, அதன் குறுக்களவு 1 மீட்டர். பாதி நிலம் இன்னும் நிற்கிறது. உதவுங்கள்.

பதில்:
தம்பி, இனி எதையும் திருகாதீர்கள். முதலில் எண்ணுங்கள். பயிர் சீராக இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, முன்னால் பயிரை வெட்டும் பகுதியான ஹெட்டரைத் தூக்கி, ஐந்தாறு மீட்டர் பின்னால் வாருங்கள். கயிற்றில் ஒரு சதுர மீட்டர் சட்டம் கட்டிக்கொண்டு மூன்று இடத்தில் போடுங்கள்: அறுக்காத பயிருக்குள், ஹெட்டர் மட்டும் கடந்த துண்டில், வண்டிக்குப் பின்னால். ஒவ்வொன்றிலும் நாலைந்து தடவை போட்டுச் சராசரி எடுங்கள். தாளில் ஒட்டி நிற்கும் காயையும் பிரித்து எண்ணுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேட்டவர்:
எண்ணிவிட்டேன் அண்ணா. பயிருக்குள் 4, ஹெட்டர் கடந்த துண்டில் 70, வண்டிக்குப் பின்னால் 85. முட்டி போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பல தாளில் அடிக்காய் ஒன்று இரண்டு மணியோடு அப்படியே நிற்கிறது. தாளின் முனையும் சுத்தமாக வெட்டுப்படவில்லை, நார் நாராகக் கிழிந்திருக்கிறது.

பதில்:
அப்படியானால் கோளாறு முன்பக்கத்தில். டிரம்மும் சல்லடையும் விடுவது 15 மணிதான், ஹெட்டரில் போவது, முன்பே உதிர்ந்த 4 போக, 66. நடுத்தர மணியாக இருந்தால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 100 கிலோ. சோயாவில் பெரும்பாலான நட்டம் ஹெட்டரில்தான் நடக்கும்.

நார் நாராகக் கிழிந்தால் கத்தி மழுங்கிவிட்டது. மழுங்கிய கத்தி செடியை இழுத்து உலுக்கும், காய்ந்த காய் அந்த உலுக்கலிலேயே வெடித்துவிடும். தேய்ந்த பற்களை மாற்றுங்கள், கத்திக்கு முன்னால் நீட்டி நிற்கும் இரும்பு விரல்களான கார்டுகள் வளையாமல் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். மக்காச்சோள அடிக்கட்டை நிற்கும் நிலத்தில் கத்தி சீக்கிரம் தேயும், தினமும் பார்க்கவேண்டும்.

அப்புறம் ரீல். 45 சுற்று என்றால் நிமிடத்துக்கு 141 மீட்டர். உங்கள் வண்டி போவது 83 மீட்டர். செடியை அணைத்துக் கொடுக்கவேண்டிய ரீல் அதைப் போட்டு அடிக்கிறது! வண்டியைவிடக் கால் பங்கு வேகம் கூடுதலாக இருந்தால் போதும், 33 சுற்றுக்கு இறக்குங்கள். ரீல் அச்சு கத்திக்கு ஒரு சாண் முன்னால் நிற்கட்டும்.

ஹெட்டரைத் தரையோடு படியவிடுங்கள். உழாத நிலம் கெட்டியாக இருக்கும், காய்ந்திருந்தால் மண்ணை அள்ளாது. அடிக்காய் கிடைக்க வேறு வழியில்லை.

இன்னொருவர் பதில்:
உடைந்த மணிக்கு என் யோசனை: கான்கேவைப் பழைய இடைவெளிக்கே கொண்டுபோய், டிரம் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். காய் முழுசாக உடைபடுகிறவரை குறைத்துக்கொண்டே போகலாம். மணியை உடைப்பதில் இடைவெளியைவிட வேகத்துக்குத்தான் பங்கு அதிகம். வெயில் ஏறி ஈரம் குறையும்போது மறுபடி குறைக்கவேண்டும், காலையில் வைத்த அளவு மதியத்துக்கு ஆகாது. சரியாக உடைபடாத காயை மறுபடி டிரம்முக்குக் கொண்டுபோகும் எலிவேட்டரில் நல்ல மணி வருகிறதா? வந்தால் கீழ்ச் சல்லடையைச் சற்றுத் திறங்கள், ஒரே மணி இரண்டு தடவை அடிபடுகிறது.

அடுத்த பயிரையும் உழாமல் விதைப்பதாக இருந்தால் வண்டிக்குப் பின்னால் தாளும் சருகும் எப்படி விழுகின்றன என்று பாருங்கள். வெட்டும் அகலம் முழுக்கப் பரவவேண்டும். நடுவில் வரிசையாகக் குவிந்தால் அந்த இடத்தில் மண் ஈரமாகவே கிடக்கும், விதைக் கருவியின் தட்டு சருகை வெட்டாமல் குழிக்குள் மடக்கித் தள்ளும், விதை மண்ணைத் தொடாது. இதை அறுவடை அன்றைக்கே சரிசெய்யவேண்டும்.

கேட்டவர்:
கத்தியில் ஒன்பது பல் மாற்றினேன். ரீல் 33. ஹெட்டர் கடந்த துண்டில் இப்போது 24 மணி, தாளில் காய் அனேகமாக இல்லை. டிரம்மைக் குறைத்ததில் டேங்கில் உடைசலும் நன்றாகக் குறைந்துவிட்டது. ஈரம் 11க்குக் கீழே போனால் நிறுத்திவிட்டு, சாயங்காலம் காய் கொஞ்சம் பதமானதும் மறுபடி ஓட்டுகிறேன். சருகு நடுவில் குவிவது உண்மைதான், இன்று பரப்பியின் தகடுகளைக் கழற்றிப் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.