யார் சொல்லும் ‘நல்லது’ சரி? அறவியல் படிக்க ஆரம்பித்ததுமே குழப்பம்

புதுவாசகன்:
அறவியல் அறிமுகம் ஒன்று படித்துக்கொண்டிருக்கிறேன். தத்துவவாதிகளில் பெந்தாமும் மில்லும் நிறைய பேருக்கு நிறைய இன்பம் தருவதே நல்லது என்கிறார்கள், காண்ட் விளைவைப் பார்க்காதே கடமையைப் பார் என்கிறார், அரிஸ்டாட்டிலோ குணத்தை வளர்த்துக்கொள் என்கிறார். படிக்கும்போது ஒவ்வொருவரும் சரியாகத்தான் தெரிகிறார், அடுத்த அத்தியாயத்துக்குப் போனதும் கலைந்துவிடுகிறது. யாரை நம்புவது? இல்லை, எல்லாமே அவரவர் அபிப்பிராயம்தானா?

தெருவிளக்கு:
முதலில், அவர்கள் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். அரிஸ்டாட்டில் கேட்பது ஒரு முழு வாழ்க்கையை எப்படி வாழ்வது என்று. பெந்தாமும் காண்டும் கேட்பது இந்தச் செயல் சரியா என்று. அங்கேதான் நிஜமான மோதல். கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் காண்ட் எழுதினார், பெந்தாம் வழியில் போகிறவர் தயங்காமல் பொய் சொல்லிவிடுவார்.

நன்மை என்பதே என்ன என்பது மூன்றாவது கேள்வி. ஆங்கிலத் தத்துவவாதி மூர் 1903இல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். நல்லது என்றால் இன்பம் தருவது என்று வரையறுத்தாலும், ‘சரி, இது இன்பம் தருகிறது, ஆனால் நல்லதா?’ என்று ஒருவர் அர்த்தத்தோடு கேட்கலாம். முக்கோணத்துக்கு மூன்று பக்கம் உண்டா என்று யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆகவே நன்மையை வேறெதைக் கொண்டும் வரையறுக்க முடியாது என்றார்.

குறுக்குக்கேள்வி:
மூரை இவ்வளவு சுலபமாக விடக்கூடாது. தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதானா என்று ஒரு காலத்தில் அர்த்தத்தோடு கேட்டிருக்கலாம், அதனால் தண்ணீர் வேறொன்று ஆகிவிட்டதா? நமக்குத் தெரியாமல் இருப்பதும் உலகில் வேறாக இருப்பதும் ஒன்றில்லை.

எனக்குப் பிடித்தது தத்துவவாதி கீச் 1956இல் சொன்னது. ‘நல்ல’ தனியாக நிற்காது, எதில் நல்லது என்று தெரிய வேண்டும். நல்ல கத்தி வெட்டும், நல்ல மருத்துவர் குணப்படுத்துவார், அளவுகோல் அந்தந்தப் பொருளிலேயே இருக்கிறது. சிக்கல் மனிதனிடம் வரும்போதுதான், ஏனென்றால் மனிதன் எதற்காக என்பதில் உடன்பாடு கிடையாது. (அரிஸ்டாட்டிலிடம் அதற்கு ஒரு பதில் உண்டு, பகுத்தறிவோடு இயங்குவது. பாதிதான் ஒப்புக்கொள்வேன்.)

மழைக்கால்:
அபிப்பிராயம்தானா என்று கேட்டதை யாரும் தொடவில்லை. அற வாக்கியங்கள் உணர்ச்சியைக் காட்டுகின்றன, எதையும் உண்மை பொய் என்று சொல்வதில்லை என்றார் தத்துவவாதி ஏயர், 1936இல். இன்னொரு தத்துவவாதி மேக்கி 1977இல் இன்னும் ஒரு படி போனார், நாம் உண்மையைச் சொல்வதாகத்தான் பேசுகிறோம், ஆனால் அப்படி ஓர் உண்மை உலகில் இல்லை, அதனால் அந்தப் பேச்சு மொத்தமும் பிழை. இருவரில் மேக்கியைத்தான் மறுப்பது கஷ்டம். ஆனாலும் எனக்கு உறுத்தல் உண்டு: அடிமைமுறையை ஒழித்தது வெறும் ரசனை மாற்றமா, இல்லை முன்பு தவறாக இருந்ததைத் திருத்தியதா? திருத்தம் என்றால், எதை வைத்துத் திருத்தினோம்?

புதுவாசகன்:
நன்றி. காண்ட் விஷயம்தான் இன்னும் ஜீரணமாகவில்லை. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்கிறது குறள். காண்ட் இதை ஏற்கமாட்டார், இல்லையா?

தெருவிளக்கு:
மாட்டார். பொய்யால் நல்லது விளையும் என்று உங்களுக்கு எப்படி நிச்சயமாகத் தெரியும் என்பார். நண்பன் ஏற்கெனவே பின்வாசல் வழியாக வெளியேறியிருக்க, நீங்கள் சொன்ன பொய்யே கொலைகாரனை அவன் பக்கம் திருப்பிவிடலாம் என்று அதே கட்டுரையில் வாதாடுகிறார். எனக்கு அது சப்பைக்கட்டாகத்தான் படுகிறது, உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்கு நிச்சயமாகத் தெரியாதே.