கலைச்சொல் விவாதம்: வீட்டு 3டி தொலைக்காட்சித் தரங்களில் ‘ஃபிரேம் கம்பாட்டிபிள்’, ‘ஃபிரேம் பேக்கிங்’

நண்பர்களுக்கு வணக்கம்.

டிஜிட்டல் ஒளிபரப்புத் தரங்களை வகுக்கும் டிவிபி அமைப்பின் 3டி ஒளிபரப்புத் தரத்தை (ஈடிஎஸ்ஐ டிஎஸ் 101 547) தமிழில் விளக்கும்போது ஃபிரேம் கம்பாட்டிபிள், சர்வீஸ் கம்பாட்டிபிள் என்ற இரண்டும் இடிக்கின்றன. இரண்டையும் ‘இணக்கமான 3டி’ என்று எழுதிவிட முடியாது. எதற்கு இணக்கம் என்பதே வேறு.

முதல் வகையில் இடக்கண், வலக்கண் படங்கள் அகலத்தில் பாதியாக நெருக்கப்பட்டு, ஆளுக்கு 960×1080 புள்ளிகளாக ஒரே 1920×1080 சட்டகத்தில் அருகருகே உட்காருகின்றன. பழைய எச்டி செட்டாப் பாக்ஸுக்கு அது வழக்கமான எச்டி படம்தான். அப்படியே டிவிக்குக் கடத்திவிடும். பிரித்து விரிப்பது டிவியின் வேலை. 3டி வசதி இல்லாத டிவியில் ஒல்லியான இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆக, இணக்கம் பெட்டிக்கு மட்டுமே, பார்ப்பவருக்கு அல்ல.

இரண்டாம் வகை எம்விசி குறியீட்டை, அதாவது எச்.264 வீடியோ சுருக்க முறையின் பலகோணப் பட நீட்டிப்பைப் பயன்படுத்துகிறது. ஒரு கண்ணின் படம் எச்.264 முறையில் முழு அளவில் போகிறது. மறுகண்ணின் படம் அதைச் சார்ந்து, வேறுபாட்டை மட்டும் சுமந்து, என்ஏஎல் (தரவுப் பொட்டலம்) வகை 20 என்ற குறியோடு போகிறது. பழைய பெட்டி அந்த வகையைப் புறக்கணித்து, ஒரு கண்ணின் படத்தைச் சாதாரண எச்டியாகக் காட்டும். யாருக்கும் படம் கெடாது.

என் முன்மொழிவு: சட்டக இணக்கம், சேவை இணக்கம். ஸ்டீரியோஸ்கோபிக் என்பதற்கு ‘முப்பரிமாண’ போதும் என நினைக்கிறேன்.

————

மறு: ஃபிரேம் கம்பாட்டிபிள்

> ‘முப்பரிமாண’ போதும்

போதாது, ஐயா. கணினி வரைகலையில் கட்டும் உருவமும் முப்பரிமாணம், ஹோலோகிராமும் முப்பரிமாணம். இந்தத் தரம் கையாள்வது தட்டையான இரண்டு படங்களை மட்டுமே, விழிக்கு ஒன்றாக. ‘இருவிழிப்படத் தொலைக்காட்சி’ என்றால் நடப்பதைச் சொல்கிறது. இடவிழிப்படம், வலவிழிப்படம், எம்விசிக்கு அடிப்படம், சார்படம் என்று மற்றவையும் அதிலிருந்தே கிளைக்கும்.

‘சேவை இணக்கம்’ சரி. ‘சட்டக இணக்கம்’ ஏற்கத்தக்கது, ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. எச்.264 தரத்தில் ‘ஃபிரேம் பேக்கிங்’ என்பது ஓர் எஸ்இஐ செய்தி (படத்தோடு கூடவே போகும் துணைக்குறிப்பு), எண் 45. சட்டகத்துக்குள் இரு படங்களும் எப்படி நெருக்கப்பட்டுள்ளன என்பதை அது அறிவிக்கிறது: 3 என்றால் பக்கவாட்டு, 4 என்றால் மேல்கீழ். பெட்டியை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கம்பியின் 1.4 தரத்திலோ அதே பெயருக்கு நேர்மாறான பொருள். அங்கே எதுவும் நெருக்கப்படுவதில்லை. 1080 வரி இடவிழிப்படம், 45 வரி இடைவெளி, 1080 வரி வலவிழிப்படம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, 1920×2205 உயரச் சட்டகமாக அனுப்புகிறார்கள். 720 வரிப் படத்துக்கு இடைவெளி 30 வரி, மொத்தம் 1470. விநாடிக்கு 24 சட்டகம் ஓடும் 1080 வரிப் படத்துக்குப் புள்ளிக் கடிகாரம் (புள்ளிகளை அனுப்பும் வேகம்) 74.25 மெகாஹெர்ட்சிலிருந்து 148.5க்கு ஏறிவிடும்.

ஆங்கிலத்தின் இந்தக் குழப்பத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை. முதலாவது நெருக்குச் சட்டகம், இரண்டாவது அடுக்குச் சட்டகம். நடுவில் எச்டிஎம்ஐ 1.3 ஒலிபெருக்கி ரிசீவர் இருந்தால் அடுக்குச் சட்டகம் பொதுவாக அதைத் தாண்டாது; நெருக்குச் சட்டகம் தாண்டிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் பழுது பார்ப்பவருக்கு இதை விளக்கவே முடியாது.

————

மறு: மறு: ஃபிரேம் கம்பாட்டிபிள்

நெருக்கு, அடுக்கு இரண்டையும் மனமார ஏற்கிறேன். நெருக்குச் சட்டகத்தைப் பக்கவாட்டு நெருக்கு, மேல்கீழ் நெருக்கு என்று பிரித்தே எழுத வேண்டும், ஏனெனில் தேர்வுக்குக் காரணம் இருக்கிறது. 1080ஐ (1080i) ஒளிபரப்பில் ஒரு சட்டகத்தின் வரிகள் ஏற்கெனவே இரு புலங்களாகப் பிரிந்திருக்கின்றன. உயரத்தை மேலும் பாதியாக்கினால் வரிக்குவரி நடுக்கம் தெரியும். அதனால் 1080ஐக்குப் பக்கவாட்டு, வரிகள் பிரியாத 720பீக்கு (720p) மேல்கீழ். எச்டிஎம்ஐ 1.4ஏ கட்டாயமாக்கியதும் இந்த இணைகளைத்தான். கூடவே 24 சட்டக 1080பீக்கும் மேல்கீழ் உண்டு. பக்கவாட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது. ஆழம் தெரிவதே கிடைத்திசை வேறுபாட்டால். அந்தத் திசையில்தான் நுணுக்கத்தைப் பாதியாக்குகிறோம்.

இனி ‘டிஸ்பாரிட்டி’, அதாவது ஒரே பொருள் இரு படங்களிலும் இடம் தள்ளித் தெரிவது. இடமாறு தோற்றம் என்ற பாடநூற்சொல் நிகழ்வுக்குப் பொருந்தும். திரையில் அளக்கும் புள்ளி எண்ணிக்கைக்குத் தனிச்சொல் வேண்டும். ‘கிடைவிலகல்’ என்கிறேன். பொருள் திரைக்குப் பின்னால் தோன்றினால் பின்விலகல், முன்னால் என்றால் முன்விலகல். இரு கேமராக்களின் உயரம் பொருந்தாமல் வருவது நெடுவிலகல். அது எப்போதும் பிழையே. கண்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து ஈடுகொடுக்க முடியாமல் தலைவலி வரும்.

பின்விலகலுக்கு எல்லை, இரு கண்களுக்கு இடையிலான ஏறக்குறைய 6.5 செ.மீ. 46 அங்குல டிவியின் அகலம் சுமார் 102 செ.மீ.; அதில் 6.5 செ.மீ. என்பது 1920 புள்ளிகளில் 122. பத்து மீட்டர் அகலத் திரையரங்கில் அதே 6.5 செ.மீ. வெறும் 12 புள்ளி. டிவிக்கென்று 30 புள்ளி பின்விலகலோடு எடுத்ததை அந்தத் திரையில் போட்டால் விலகல் 15.6 செ.மீ. ஆகும், கண்கள் வெளிப்பக்கமாகப் பிரிய வேண்டியிருக்கும். மாறாக, திரையரங்கப் படம் டிவியில் சப்பென்று தட்டையாகிவிடும். வீட்டுக்கென்று தனி மூலப்படம் வேண்டும் என்று திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஈயின் பணிக்குழு 2009இல் பரிந்துரைத்ததற்கு இதுவும் பொருத்தமான நியாயம். அதை ‘இல்ல மூலப்படம்’ எனலாமா?

————

மறு: மறு: மறு: ஃபிரேம் கம்பாட்டிபிள்

இல்ல மூலப்படம் நன்று. 3டி டிவி விற்பனை நின்ற பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஐபோன் 15 ப்ரோ எடுக்கும் ஸ்பேஷியல் வீடியோ எம்விசி போன்ற புதிய எம்வி-ஹெச்ஈவிசி முறையில் சேமிக்கப்படுகிறது. அங்கேயும் அடிப்படம், சார்படம்தான்.

விடுபட்ட இரண்டு. வசனவரியும் பெட்டியின் மெனுவும் நெருக்குச் சட்டகத்தின் மேல் ஒரே தடவை எழுதப்பட்டால், டிவி பிரித்தபின் பாதி எழுத்து இடக்கண்ணுக்கும் மறுபாதி வலக்கண்ணுக்கும் போய், படிக்கவே முடியாது. இரு பாதியிலும் நெருக்கி எழுத வேண்டும். அதோடு முன்விலகலும் தர வேண்டும். இல்லாவிட்டால் முன்னே நீட்டிய கை மேல், அதற்குப் பின்னால் இருப்பதாகத் தோன்றும் எழுத்து மிதக்கும். டிவிபி வசனவரித் தரத்தில் (ஈஎன் 300 743) இதற்கென்றே குறிப்பு சேர்த்திருக்கிறார்கள். அதை ‘வரிவிலகல்’ எனப் பதிகிறேன்.

ஒரு கண்ணுக்கான படம் மறுகண்ணுக்கும் தெரியும் ‘கிராஸ்டாக்’ என்பதற்குத் தொலைபேசிக்காரர்களின் ‘குறுக்குப்பேச்சு’ இங்கே ஒட்டாது. இரு கண்களையும் மாறிமாறி மறைக்கும் ஷட்டர் கண்ணாடி திறக்கும் நேரத்தில் எல்சிடி திரையின் கீழ்வரிகள் இன்னும் முந்தைய கண்ணின் படத்தையே காட்டிக்கொண்டிருந்தால் நிழல் இரட்டிக்கிறது. ‘மறுவிழிக் கசிவு’ என்பது என் பரிந்துரை. அந்த எஸ்இஐ செய்தியில் 5 என்ற வகை, அதாவது இட, வல முழுச் சட்டகங்கள் மாறிமாறி வருவதற்கு, ‘மாற்றுச் சட்டகம்’ என்றால் பதிலிச் சட்டகம் என்று பொருள்படக்கூடும். ‘முறைவைப்புச் சட்டகம்’ என்று எழுதிப் பார்க்கிறேன். யாருக்காவது மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.