டபுள் டிலைட் ரோஜா: சிவப்பு ஓரம் வரவே இல்லை, என்ன செய்யலாம்?

மாடித்தோட்டம் கோவை:
டபுள் டிலைட் ஒட்டுச்செடி, 12 அங்குலத் தொட்டி. வாங்கும்போது இருந்த பூவில் வெண்ணெய் நிற இதழ், ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பு. இப்போது பூப்பதெல்லாம் வெளிறிய வெள்ளை. காலையில் 2 மணி நேரம்தான் வெயில், அதுவும் பச்சை நிழல்வலைக்கு அடியில். செடியின் அடியிலிருந்து ஒரு கிளை மட்டும் மொட்டே இல்லாமல் நீளமாக ஓடுகிறது. குருத்தில் வெள்ளைப் பொடி வேறு. டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) போட்டால் சரியாகுமா?

செம்மண்:
டிஏபி வேண்டாம். இது உரக்குறை இல்லை, வெயில்குறை. 1977-இல் வெளிவந்த இந்த ரகத்தில், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் இதழ் ஓரம் சிவக்கும். மொட்டு விரியும்போது வெண்மையாக இருந்து, விரிந்த பிறகு நாளுக்கு நாள் சிவப்பு உள்ளே பரவும். மொட்டாகவே வெட்டி வீட்டுக்குள் வைத்தால் வெள்ளையாகவே நிற்கும். வலையை எடுத்துவிட்டு, தினமும் 6 மணி நேரமாவது நேர்வெயில் கிடைக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் இலை கருகும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஏற்கெனவே விரிந்த பூவை வைத்து முடிவு செய்யாதீர்கள், அடுத்த சுற்று மொட்டைப் பாருங்கள். ஏப்ரல், மே வெயிலில் பூ சிறுத்துச் சீக்கிரம் உதிரும். அது இயல்பு.

ரோஜாப் பிரியை:
அந்த நீளக் கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். தண்டில் முடிச்சுப் போலப் புடைத்திருப்பதுதான் ஒட்டு. அதற்குக் கீழே என்றால் அது வேர்ச்செடியின், அதாவது டபுள் டிலைட்டை ஒட்டியிருக்கும் அடிச்செடியின் கிளை. விட்டால் சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு ஒட்டுச்செடியையே சாகடித்துவிடும். மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அது வேரோடு சேரும் இடம்வரை தோண்டி, கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். ஒரு காம்பில் 7 சிற்றிலை இருந்தால் வேர்ச்செடிக் கிளை என்று எண்ணிக்கையை மட்டும் நம்பி எடுத்துவிடாதீர்கள், நல்ல கிளையிலும் சில சமயம் 7 வரும்.

ஒட்டுக்கு மேலே என்றால் அது பொக்கிஷம், தொடவே வேண்டாம். புதிய அடிக்கிளையில்தான் பெரிய பூ வரும்.

மாடித்தோட்டம் கோவை:
பார்த்தேன் மேடம், ஒட்டுக்குக் கீழேதான். பிய்த்துவிடுகிறேன். வெள்ளைப் பொடிக்கு?

செம்மண்:
சாம்பல் நோய். டபுள் டிலைட்டுக்கு இது அடிக்கடி வரும். நிழலும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் இன்னும் மோசம். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் குருத்து மென்மையாகி உடனே பிடிக்கும், டிஏபி வேண்டாம் என்றது அதற்காகவும்தான். மோசமான குருத்தைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். நனையும் கந்தகத்தூள் (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கரைத்து, மாலையில் இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் கூடாது, இலை பொசுங்கும். வேப்ப எண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி கட்டாயம்.

ரோஜாப் பிரியை:
பூ வாடியதும் காம்பை மட்டும் கிள்ளி நிறுத்தாதீர்கள். மேலிருந்து வரும் முதல் முழு ஐந்திலைக்கு (ஒரே காம்பில் 5 சிற்றிலை உள்ள இலை) சற்று மேலே, வெளிப்புறம் பார்க்கும் கணுவாகப் பார்த்து, கால் அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டுங்கள். உட்புறக் கணு துளிர்த்தால் செடியின் நடு அடைந்து சாம்பல் நோய் திரும்ப வரும். நோயுள்ள செடியை வெட்டிய கத்தரியைச் சானிடைசரால் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.