"குடும்பம், உடல்நலம், வேலை" என்றே வந்து நிற்கும் நன்றிக் குறிப்பேடு: என்ன செய்யலாம்?

கேள்வி

பண்டிகை விடுமுறைக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் வாங்க வேண்டியவை, அழைக்க வேண்டியவர்கள், முடிக்க வேண்டிய வேலைகள் என்று மனம் முழுக்கப் பட்டியலாகிவிடுகிறது. வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகுதான், யாருடனும் முகம் பார்த்து நான்கு வார்த்தை பேசவில்லையே என்ற வருத்தம் வருகிறது. இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று, உறங்கப் போகுமுன் அன்றைக்கு நன்றி சொல்லத் தக்க மூன்றை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். முதல் நான்கு நாள்கள் நன்றாகவே போயின. பன்னிரண்டாம் நாள் புரட்டிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் "குடும்பம், உடல்நலம், வேலை" என்றே இருக்கிறது. மூன்றும் உண்மைதான், ஆனால் எழுதும்போது உள்ளே எதுவும் அசைவதில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சித்தப்பா இல்லாத முதல் விடுமுறை இது. சித்தியை அருகில் வைத்துக்கொண்டு நன்றியைப் பற்றிப் பேசுவது சரிதானா என்று தயக்கமாக இருக்கிறது. வீட்டில் ஒன்பது வயது மகளும் இருக்கிறாள். அவளையும் இதில் சேர்த்துக்கொள்ள ஆசை. இதைப் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிப்பவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

உங்கள் குறிப்பேடு பன்னிரண்டாம் நாளில் உயிரற்றுப் போனதற்கு நீங்கள் காரணமில்லை. நல்லது எதுவானாலும் அதற்குப் பழகிப்போவது மனத்தின் இயல்பு. நாள்தோறும் ஒரே சொல்லை எழுதினால் அந்தச் சொல்லுக்கும் மனம் பழகிவிடுகிறது. நானும் இரண்டு முறை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டவள்.

உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் இந்தக் குறிப்பேட்டுப் பழக்கம் பரவலாகப் பேசப்பட்டது. அதன் ஒரு பகுதியில் மாணவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் அந்த வாரத்தில் நன்றிக்குரியவை ஐந்து வரையிலும், இன்னொரு பிரிவினர் எரிச்சல் தந்தவற்றையும், மூன்றாம் பிரிவினர் பொதுவாக நடந்தவற்றையும் எழுதினார்கள். நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தம் வாழ்வைப் பற்றி நிறைவாகவும், வரும் வாரத்தைப் பற்றி நம்பிக்கையோடும் இருந்தார்கள். உடல் உபாதைகளையும் குறைவாகவே சொன்னார்கள். இவர்கள் எழுதியது வாரத்துக்கு ஒரு முறைதான் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பின்னர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு ஆறு வாரங்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோதும், வாரம் ஒரு முறை எழுதியவர்களிடம் தெரிந்த முன்னேற்றம், வாரம் மூன்று முறை எழுதியவர்களிடம் தெரியவில்லை. ஆகவே தினமும் எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை முதலில் கைவிடுங்கள்.

அடுத்தது, என்ன எழுதுகிறோம் என்பது. மார்ட்டின் செலிக்மனும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அன்றைக்கு நடந்த மூன்று நல்லவற்றோடு ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதச் சொன்னார்கள். அந்த "ஏன்" என்ற கேள்விதான் எனக்குக் கை கொடுத்தது. "குடும்பம்" என்று எழுதினால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. "எனக்குத் தலைவலி என்று தெரிந்ததும் அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, தாம் ஒரு வாரமாகக் காத்திருந்த நிகழ்ச்சியைப் பார்க்காமல் படுத்துக்கொண்டார்" என்று எழுதினால், அது ஏன் நடந்தது என்று யோசிக்கும்போதே கண் கலங்கிவிடுகிறது. யார், என்ன செய்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்கின்றன. இப்போது ஞாயிறுதோறும் அப்படி ஒரே ஒரு நிகழ்வை அரைப் பக்கத்துக்கு எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக நிற்காமல் போகிறது.

இதிலிருந்து அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மனச்சோர்வையும் பதற்றத்தையும் இத்தகைய பயிற்சிகள் சிறிதளவே குறைக்கின்றன என்று காட்டியது. அந்தத் துன்பம் உள்ளவருக்கு மருத்துவரின் உதவிதான் தேவை.

பதில் 2

மேலே சொல்லப்பட்டதை மதிக்கிறேன். ஆனாலும் குறிப்பேடு பாதி வழிதான் என்பது என் எண்ணம். பழந்தமிழில் நன்றி என்ற சொல்லுக்கு நன்மை, செய்யப்பட்ட உதவி என்றே பொருள். நன்றியறிதல் என்றால், நமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிந்துகொள்வது. இன்று வாயால் சொல்லும் ஒரு சொல்லாக அது சுருங்கிவிட்டதால், அறிந்துகொள்ளும் வேலையைச் செய்யாமலே சொல்லிவிட நம்மால் முடிகிறது. விடுமுறைக் காலத்தில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். வீடு நிறைந்திருக்கும் அந்த நாள்களில், யார் எங்கே படுப்பது, யாருடைய மாத்திரை தீரப்போகிறது, யாரை யாரோடு உட்கார வைத்தால் பழைய மனத்தாங்கல் கிளறப்படாது என்பதையெல்லாம் ஒருவர் மனத்தில் சுமந்துகொண்டிருப்பார். அந்த வேலை சரியாக நடந்தால் கண்ணுக்கே தெரியாது. தவறும்போது மட்டும் எல்லார் கண்ணிலும் படும்.

எங்கள் வீட்டில் அது அண்ணி. பதினேழு ஆண்டுகள் அவர் செய்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு முறையும் அவரிடம் சொன்னதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், விடுமுறைக்குப் பத்து நாள் முன்பாக, அவர் செய்த குறிப்பான ஐந்து காரியங்களைச் சொல்லி ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். கொடுக்கும் முன், செயற்கையாக இருக்குமோ, ஏதோ உதவி கேட்கத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைப்பாரோ என்று இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். இந்தத் தயக்கம் எல்லாருக்கும் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகியோரின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாகவும், அவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். அண்ணி அதைப் படித்துவிட்டு, "அந்த மழை நாளில் நான் வந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நம் மகிழ்ச்சியைப் பற்றி மட்டும் பேசினால் அது பாதி நன்றிதான். "எனக்கு மிகவும் வசதியாக இருந்தது" என்பதைவிட, "நீங்கள் கேட்காமலே கவனித்தீர்கள், அது உங்கள் இயல்பு" என்பது பெறுபவரின் மனத்தில் நிற்கிறது.

மகளைப் பொறுத்தவரை, நன்றி சொல் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். யார் செய்தது, எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவளோடு சேர்ந்து வியந்தால் போதும்.

பதில் 3

உங்கள் சித்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் அந்த இடத்தில் இருந்தேன். "இருப்பதை நினைத்துத் தேற்றிக்கொள்" என்று அன்போடு சொன்னவர்கள் பலர். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு என் துக்கத்தை வெளியே சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நன்றியைத் துக்கத்துக்கு எதிர்த்தட்டில் வைத்து எடை போடச் சொல்லாதீர்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லும் ஏற்பாடு இந்த ஆண்டு வேண்டாம்.

என் கணவர் தன் சைக்கிளைக் கடன் கொடுத்து, அதில்தான் ஒரு பையன் ஓராண்டு வேலைக்குப் போனான் என்பது எனக்கே தெரியாது. அந்தப் பையன் வந்து சொன்ன நாளில், அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இன்னும் மிச்சம் இருந்திருக்கிறதே என்று நெடுநேரம் அழுதேன். அழுகை துக்கத்தினால் மட்டும் வந்ததன்று. உங்கள் சித்தப்பா உங்களுக்குச் செய்தது ஏதேனும் சித்திக்குத் தெரியாமல் இருந்தால், அதைச் சொல்லுங்கள். விடுமுறை வரை காத்திருக்காமல், வீட்டில் கூட்டம் இல்லாத ஒரு நாளில் போய்ச் சொல்லுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் வணக்கம். கடைசிப் பதிலைப் படித்தபோது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்திய இரவு மின்சாரம் போனதும், சித்தப்பா கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு விடிய இரண்டு மணி வரை என் அருகில் நின்றது நினைவுக்கு வந்தது. சித்தி அப்போது ஊரில் இல்லை. அவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. குறிப்பேட்டில் இன்று அதை மட்டும் எழுதினேன், ஒன்றேகால் பக்கம் வந்தது. சனிக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு சித்தியைப் பார்க்கப் போகிறேன்.